தெரிஞ்சாக் குடிப்பாளா

நீ பாத்துக்கிட்டே வர்றது எனக்குத் தெரியாமயா இருக்குது அம்மிணி? தாராபுரத்துல ஏறுனதுலிருந்து ஓரக்கண்ணுல ஒருக்கா பாக்கறே, அப்பறம் போனைப் பாக்கறே, மறுக்கா என்ற மூஞ்சியப் பாக்கறே. வாயத் தொறந்து கேட்டுப்போடு. ஆமா, நான்தான் அது. அந்தப் பேய்ப் படத்துல வர்ற கெழவி நான்தான். பயந்துக்காத. பேரு தெய்வாத்தா. ஊரு மூலக்காட்டுப்புதூரு. கட்டுன புருசன் உசுரோட ஊட்டுல இருக்கறாரு. படத்துல காட்டுனாப்பல நான் ஒண்ணும் அவரைக் கெணத்துல தள்ளியுடலை.

சிரிக்கறே. சிரி, பரவால்ல. எல்லாரும் சிரிச்சிருந்தாங்கன்னா எனக்கு இத்தனை வெசனம் இருந்திருக்காது.

போன்லயா பாத்தே? அப்படீன்னா நீ தப்பிச்சே. போன்ல என்ற மூஞ்சி பொடிசாத் தெரியும். நான் பாத்தது சினிமாக் கொட்டாயில. செவுரு அகலத்துக்கு இந்த மூஞ்சி. மூக்குத்திக்குப் பக்கத்துல மரு இருக்குது பாரு, இது, இது தேங்காமூடியாட்டத் தெரிஞ்சுது. எனக்கே பகீர்னு ஆயிருச்சுன்னா மத்தவங்களச் சொல்லி என்ன பண்றது? அன்னிலிருந்து நான் கண்ணாடியில நெத்திக்குப் பொட்டு வெச்சதோட சரி, நின்னு மூஞ்சியப் பாக்கறதில்ல. வெக்கமா இருக்குது. இந்த வயசுல இப்பிடி ஒரு வெக்கம் வரோணுமா?

உனக்குக் கல்யாணமாயிருச்சா அம்மிணி? ஆயிருச்சா, நல்லது. தாலிக்கொடி தெரியலையேன்னு பாத்தேன். எத்தனை வருசம்? ரெண்டா? விசேசம் ஏதாச்சும்... சரி, வேண்டாம். நான் கேக்கலை. என்ற வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடோணும். அக்கட்ட ஏன் நகர்றே, வெயிலு படுதா? சன்னலச் சாத்திக்க.

படக்காரங்க வந்தது போன வருசம் சித்திரையில. எங்கூட்டுக்காரரோட பங்காளி ஒருத்தரு சொல்லியுட்டு வந்தாங்க. எங்களுது தோட்டத்துச் சாளை, பழைய ஓட்டு ஊடு. சுத்தியும் தென்னை, பின்னால கெணறு. ஊருக்குள்ள போகோணும்னா ரெண்டு பக்கமும் வேலி வெச்ச வண்டித்தடத்துல நடக்கோணும். டைரக்டரு தம்பி, ஆதவன்னு பேரு, தாடியும் ஒல்லிப்பிச்சான் ஒடம்புமா வந்து எறங்குனாரு. ஊட்டை ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டு, "அம்மா, இப்படி ஒரு வீட்டைத்தான் ரொம்ப நாளாத் தேடிட்டிருந்தேன்"ன்னாரு. எனக்கு அப்பிடியே மனசு குளுந்துபோச்சு. என்ற ஊட்டை ஒருத்தன் தேடீட்டு வந்திருக்கறானே! அவரு எதுக்குத் தேடுனாருன்னு நான் கேக்கவே இல்ல.

சினிமாக்காரங்கன்னா காரும் கூட்டமுமா வருவாங்கன்னு நெனச்சா, ஒரே ஒரு வேனு. அதுக்கும் கதவு ஒழுங்காச் சாத்தாது, கயிறு போட்டுக் கட்டியிருந்தாங்க. சோத்துக்குக்கூட ஏற்பாடு இல்ல. பன்னும் வாழப்பழமும் தின்னுட்டு வேல செய்யறாங்க. என்ற வாசல்ல விருந்தாளியா வந்து நின்ன ஒறம்பரையப் பன்னு தின்ன உட்டுட்டு நான் உள்ள ஒக்காந்து சோறு திங்க முடியுமா? அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, மேல நெய் ஊத்தி, எல்லாரையும் ஒக்கார வெச்சு எலயில போட்டேன். வேண்டாம் வேண்டாம்னாங்க. ஒறம்பரை வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, நாமதான் போடோணும். எலய மூடுனாங்கன்னா கையப் புடிச்சு வெலக்கிப் போடோணும். அந்தத் தம்பி அதையே பாத்துட்டு இருந்தாரு. சோறு எறங்குதோ இல்லையோ, கண்ணு பூரா எங்கிட்டத்தான்.

கதை என்ன தம்பின்னு கேட்டேன். "புதுசாக் கல்யாணமான ஒரு ஜோடி, லீவுக்குக் கிராமத்துக்கு வர்றாங்கம்மா. ஒரு பெரியம்மா வீட்டுல தங்கறாங்க. அவங்க ரொம்ப நல்லாக் கவனிச்சுக்கறாங்க"ன்னாரு. அப்பறம்? "அப்பறம் அவங்களால திரும்பிப் போகவே முடியலை"ன்னாரு. அடடா, போக மனசு வரலையாக்கும்னு நெனச்சுக்கிட்டேன். நல்ல குடும்பக் கதைன்னு எங்கூட்டுக்காரருகிட்டயும் சொல்லிட்டேன்.

அந்தப் பெரியம்மா வேசத்துக்குப் பேசி வெச்சிருந்த நடிகைக்குக் காய்ச்சல், வர முடியலையாம். தம்பி தலைல கைய வெச்சு ஒக்காந்துட்டாரு. பொழுதோட எங்கிட்ட வந்து, "அம்மா, நீங்களே பண்ணிடறீங்களா?"ங்கறாரு. எனக்கு நடிக்கவெல்லாம் வராதுங்க தம்பின்னேன். "நீங்க நடிக்கவே கூடாது. எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. அது போதும்"ன்னாரு.

இத மறந்துராத அம்மிணி. எப்பவும் எப்பிடி இருப்பீங்களோ அப்பிடியே. இதுதான் அவரு சொன்னது. நான் அப்பிடித்தான் இருந்தேன்.

நடிக்க வந்த பொண்ணு பேரு மிருதுளா. அது வேனைவிட்டு எறங்குச்சு, ஆரத்தி எடுத்தேன். மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டாச் செவந்து வரும், எல்லாரு ஊட்டுலயும் உள்ளதுதானே? படத்துல பாத்தா அது ரத்தமாட்டத் தெரியுது. கொசுவுக்குச் சாம்பிராணி போட்டேன். அது பேய்ப் பொகை ஆயிருச்சு. வெடிய எந்திரிச்சதும் அவங்க ரூமுக்குக் காப்பி கொண்டுட்டுப் போனேன். என்ற ஊட்டுல என்ற ரூமுக்கு நான் கதவத் தட்டிட்டா போவேன்? தொறந்துட்டுத்தான் போனேன். அந்தப் பொண்ணு படக்குன்னு போர்வைய இழுத்து மூடுச்சு. அது நடிப்புன்னுதான் நான் நெனச்சேன். தலமுடி பரட்டையா இருக்குதேன்னு சொல்லி ஒக்கார வெச்சு எண்ணெ தேச்சுவுட்டேன். வயித்தத் தொட்டு, "ஏனுங் கண்ணு, தள்ளிப்போயிருக்குதா?"ன்னு கேட்டேன். அதுக்கு ஒடம்பே சிலுத்துப்போச்சு. தம்பி கேமராவுக்குப் பொறத்தால நின்னுட்டு, "சூப்பர்ம்மா, சூப்பர்ம்மா"ங்கறாரு. நானும் நல்லாத்தான் பண்றேனாட்ட இருக்குதுன்னு பெருமப்பட்டுக்கிட்டேன். என்ற புத்திய என்னத்தச் சொல்ல?

அப்பறம் பீட்ரூட்டு. "அம்மா, கொஞ்சம் பீட்ரூட்டும் நாட்டுச்சக்கரையும் கெடைக்குமா, பாகு மாதிரி வேணும்"ன்னாங்க. வெயில்ல வேல செய்யற புள்ளைங்க, குடிக்கறதுக்குத்தான்னு நான் ஏலக்காயெல்லாம் தட்டிப் போட்டுக் காச்சிக் குடுத்தேன். அதைக் கொண்டுபோயி, புருசனா நடிச்ச பையன் கழுத்துல ஊத்திப் படம் புடிச்சிருக்கறாங்க. எறும்பு மொச்சு அவன் குதிச்சான் பாரு, அதையும் புடிச்சுட்டாங்க. எங்கூட்டுக்காரரு மத்தியானத்துல கொறட்டை உடுவாரு. அதப் பதிவு பண்ணிட்டுப் போயி, கெணத்துக்குள்ளருந்து பேய் மொனகறதுக்கு வெச்சிருக்கறாங்க. கொட்டாயில அந்தச் சத்தம் வந்ததும் அவருக்கே தெரியலை. "யாரு இப்பிடிக் கத்தறது?"ன்னு எங்கிட்டக் கேக்கறாரு.

ஒரு நாள் சாப்புட்டுட்டு எல்லாரும் வேப்பமரத்தடியில ஒக்காந்திருந்தோம். தம்பி போனை எடுத்து முன்னால வெச்சுட்டு, "அம்மா, நெசமாவே புதுசாக் கல்யாணமாயி ஒரு பொண்ணு உங்க வீட்டுக்கு வந்தா என்னவெல்லாம் செய்வீங்க?"ன்னு கேட்டாரு. கேக்க ஆளு இருந்தாச் சொல்றதுக்கு நமக்கென்ன? என்ற மருமவ கதையச் சொன்னேன்.

என்ற மவன் பூபதி. கோயமுத்தூர்ல கம்பெனியில வேலை. மருமவ தாரணி, அங்கயே பொறந்து வளந்த புள்ள, படிச்ச புள்ள, நல்ல புள்ள. நல்ல புள்ள இல்லைன்னு நான் எங்கயும் சொன்னதே இல்ல. கல்யாணமான கையோட, லீவுக்கு வந்து நாலு நாள் இருந்துட்டுப் போறோம்னு ரெண்டு பேரும் வந்தாங்க. ஊட்டுக்கு ஒரே மவன். சீக்கிரம் ஒரு கொழந்தையக் கண்ணுல பாக்கோணும்னு எனக்கு இருக்காதா? மலையடிவாரத்துல ஒருத்தரு வேர்ப்பொடி குடுப்பாரு, அது வயித்துக்குள்ள போச்சுன்னா பத்தாம் மாசம் தொட்டில்தான்னு சொன்னாங்க. வாங்கி வெச்சிருந்தேன். பால்ல கலந்து, சக்கரை தூக்கலாப் போட்டு, அவ கையில குடுத்துட்டு, குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்.

இதச் சொன்னதும் தம்பி, "அவங்களுக்குத் தெரியுமாம்மா?"ன்னாரு.

"தெரிஞ்சாக் குடிப்பாளா?"ன்னேன்.

எல்லாருஞ் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன். தம்பி சிரிச்சுட்டே, "அம்மா, நாளைக்கு அதையே கேமரா முன்னால இன்னொருக்காச் சொல்லுங்க"ன்னாரு. சொன்னேன். சொம்புப் பாலக் கலக்கீட்டே, தலையத் தூக்கி, அதே சிரிப்போட.

அவங்க லீவுக்கு வந்திருந்த அந்த நாலு நாள்லயே மருமவளுக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சு. அத நான் தம்பிகிட்டச் சொல்லலை, அவரும் கேக்கலை. வாந்தியும் பேதியுமா, தாராபுரத்துல ஆசுபத்திரியில சேத்துக் குளுக்கோசு ஏத்தி, அப்பிடியே கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தண்ணி சேரலைன்னு டாக்டரு சொன்னாரு. டாக்டரே சொன்னதுக்கப்பறம் நான் என்னத்தச் சொல்றது? நானும் தண்ணின்னுதான் சொன்னேன். சொந்தத்துல கேட்டவங்களுக்கெல்லாம், "எங்க மருமவளுக்கு டவுன் வயிறு, நம்ம தண்ணி ஆவாது"ன்னு சொன்னேன். அதுக்கப்பறம் அவ எங்கூட்டுக்கு வந்தான்னா பாட்டல்ல தண்ணி கொண்டாருவா. எம்பட கெணத்துத் தண்ணி தேனாட்ட இருக்கும் அம்மிணி. எனக்குச் சுருக்குன்னு இருக்கும். விருந்து ஆக்கிப் போட்டாக் கொறிச்சுட்டு எந்திரிச்சுருவா. நாலு பேரு முன்னால, "இவ வயித்துக்கு ஒண்ணும் தாங்காது"ன்னு நான் சொல்லுவேன், அவ தலையக் குனிஞ்சுக்குவா. அப்பறம் வர்றதே கொறஞ்சுபோச்சு.

இரு, பல்லடம் வந்துருச்சு. ஏப்பா, கடலை! ஒரு பொட்டலம் குடு. இந்தா அம்மிணி, எடுத்துக்க. வேண்டாமா? அட, உன்ற கண்ணு முன்னாலதானே வாங்குனேன், நீயே பிரிச்சுக்க. நாலே நாலு தின்னு. பசியா இல்லையா? வழியில பசிக்கும், பையில போட்டு வெச்சுக்க. இந்தா, நானே போட்டுட்டேன்.

எதுல உட்டேன்? ஆங், படம் வந்துது. "வந்தவங்க ரெண்டு பேரு"ன்னு பேரு வெச்சிருந்தாங்க. பேரப் பாத்தாலும் ஒண்ணும் தப்பாத் தெரியலை பாரு. தாராபுரத்துல காலைக் காட்சி, எங்க ஊருக்காரங்க எல்லாரும் காசில்லாமப் பாக்கலாம்னு தம்பி ஏற்பாடு பண்ணிக் குடுத்தாரு. நான் ஊடு ஊடாப் போயிக் கூப்பிட்டேன். கையில குங்குமச் சிமிழு எடுக்கலை, அது ஒண்ணுதான் பாக்கி. யாருமே வரலைன்னா நல்லாருந்திருக்கும். வேன் புடிச்சு, பங்காளி ஊடு, நாத்தனா, கொழுந்தனாரு, கோயில் பூசாரி ஊட்டோட எல்லாரையும் கூட்டிட்டுப் போனது நானேதான். மவன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டக் கட்டிக்கிட்டேன். தலைக்குப் பூ.

மவனும் மருமவளும் கோயமுத்தூர்லருந்து காருல வந்தாங்க. அன்னிக்குத்தான் எங்கிட்டச் சொல்றாங்க, வயித்துல அஞ்சு மாசம்னு. ஏன்டா இத்தனை நாளாச் சொல்லலைன்னா, டாக்டரு யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னாருங்கறான். எந்த டாக்டரு பெத்த தாய்கிட்டச் சொல்ல வேண்டாம்பாரு? சரி போகட்டும், சந்தோசத்துல அதக் கேக்கலை. தாரணி என்ற பக்கத்துலதான் ஒக்காந்தா. அவளா என்ற கையப் புடிச்சுக்கிட்டா. "அத்தை, நீங்க பெரிய ஹீரோயினாயிட்டீங்க"ன்னு சொல்லிச் சிரிச்சா. அவ அப்பிடி எங்கிட்டச் சிரிச்சுப் பேசி எத்தனையோ நாளாயிருந்துது.

மொதல்ல என்ற மூஞ்சி வந்ததும் ஊருக்காரங்க விசில் அடிச்சாங்க. நான் சோறு போடறேன், "இன்னுங் கொஞ்சம்"ங்கறேன். அதுக்கு ஒரு மியூசிக்கு, கம்பிய இழுத்து இழுத்து அறுக்கறாப்பல. நான் கதவத் தொறந்து காப்பியோட நிக்கறேன். ஒரு கொழந்தை வீல்னு கத்துச்சு. நான் எண்ணெ தேக்கறேன், அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி முட்டுது. அப்பத்தான் கதையே வெளங்குது. செத்துப்போன மவனுக்கு ஒரு வாரிசு வேணும்னு, ஊட்டுக்கு வர்ற பொண்ணுங்களையெல்லாம் வெளிய உடாம வெச்சுக்கற கெழவியாம். அவதான் நானாம். பூசாரி சம்சாரம் எனக்கு முன்னால ஒக்காந்திருந்தவ, திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்துட்டுக் கொழந்தைய இழுத்து மடியில வெச்சுக்கிட்டா. ஒடம்பெல்லாம் கூசுது. எந்திரிச்சுப் போலாம்னா பட்டுச் சீலை சரசரங்குது, எல்லாரும் பாப்பாங்களேன்னு அப்பிடியே ஒக்காந்துட்டேன்.

அப்பறம் அந்தப் பாலு வந்துது.

கலக்கறேன். தலையத் தூக்கறேன். "தெரிஞ்சாக் குடிப்பாளா?" கொட்டாயே அதிருது. விசிலு, கைதட்டு. அந்தப் பொண்ணு பாலக் குடிக்குது, நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். சொட்டு மிச்சம் வெக்காம குடின்னு சொல்றேன். தாரணிக்கும் அதே வார்த்தையத்தான் சொல்லியிருந்தேன். அவ புடிச்சிருந்த கைய எப்ப எடுத்தாள்னு எனக்குத் தெரியலை. பாத்தா, கை இல்ல.

வெளிய வந்தோம். எல்லாரும் வேன்ல ஏறறாங்க, ஒருத்தரும் எங்கிட்டப் பேசலை. தாரணி சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கமா நின்னவ, "அத்தை, ஒண்ணு கேக்கறேன்"ன்னா.

"கேளு கண்ணு."

"அன்னிக்கு நான் குடிச்ச பால்லயும் ஏதாவது போட்டிருந்தீங்களா?"

எனக்குப் பொய் சொல்லி வராது அம்மிணி. "உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு. வெசத்தையா குடுத்தேன்?"ன்னேன்.

அவ கத்தலை. சண்டை புடிக்கலை. சண்டை புடிச்சிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி மனசு ஆறியிருப்பேன். ரெண்டு கையையும் எடுத்து வயித்து மேல வெச்சுக்கிட்டா. "இத்தனை வருசமா என் வயித்துலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டிருந்தேன் அத்தை. நீங்க எல்லார் முன்னாடியும் சொல்றப்போ, ஆமாம்னு தலையாட்டிட்டு இருந்தேன்"ன்னா. அவ்வளவுதான். போயிக் காருல ஏறிக்கிட்டா. மவன் எங்கிட்ட வந்தான், "ஏம்மா?"ன்னான். பதிலுக்குக்கூட நிக்கலை.

ஊரே என்னையப் பேயாப் பாத்துதே, அதுகூடப் பெருசில்ல. அவ வயித்து மேல கைய வெச்சா பாரு, என்ற கண்ணு படக்கூடாதுன்னு மறைக்கறாப்பல. அத நெனச்சா இப்பவும் கூனிக் குறுகிப் போறேன். ராத்திரி சோத்துல கைய வெச்சா அந்தக் கைதான் கண்ணுக்கு முன்னால வருது.

ஆனா ஒண்ணு சொல்லு, நான் பண்ணுனதுல தப்பு என்ன? என்ற மாமியா எனக்குக் கலந்து குடுத்தாங்க, நான் குடிச்சேன், பூபதி பொறந்தான். டைரக்டரு தம்பிக்குப் போன் போட்டு நல்லாக் கேட்டுப்போட்டேன். என்ற மானத்த இப்பிடி வாங்கிட்டீங்களே, இல்லாததையும் பொல்லாததையும் எழுதி வெச்சு என்னைப் பேயாக்கிட்டீங்களேன்னேன். அதுக்கு அவரு, "அம்மா, உங்க வசனத்துல ஒரு வரிகூட நான் எழுதலை. எல்லாம் நீங்க சொன்னதுதான்"ங்கறாரு. செய்யறதையும் செஞ்சுட்டு எப்பிடிப் பேசறாரு பாரு. மியூசிக்கு நானா போட்டேன்?

மாரியம்மன் நோம்பிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குப் பொங்கல் கொண்டுட்டுப் போனேன். அங்க புதுசா வந்த மருமவ, சின்னப் புள்ள. "வையுங்கக்கா, அப்பறம் சாப்பிடறேன்"ன்னுது. திரும்பி வர்றப்ப வேலிச் சந்துல பாத்தேன், நாய்க்குப் போட்டுட்டு இருக்குது. அன்னியோட நான் யாருக்கும் எதையும் கொண்டுட்டுப் போறதில்ல. இப்ப ஒறம்பரை வந்தா, எங்கூட்டுக்காரர விட்டுத்தான் தண்ணி குடுக்கச் சொல்றேன். நான் சமையக்கட்டுக்குள்ளயே இருந்துக்கறேன். அவருக்குச் சொம்பு எங்க இருக்குதுன்னு தெரியாது, டம்ளரு எங்க இருக்குதுன்னு தெரியாது. உள்ளருந்து நான் சொல்லச் சொல்ல, அவரு தேடி எடுத்துக் குடுக்கறாரு.

கொழந்தை பொறந்து மூணு மாசமாச்சு. பொண்ணு. அவங்கம்மா ஊட்டுலதான் பிரசவம், பேரும் அங்கயே வெச்சாங்க. எங்கூட்டுக்காரரு மட்டும் போயிட்டு வந்தாரு. "உன்னைய அப்பறமா வரச் சொன்னாங்க"ன்னு எங்கிட்டச் சொல்றப்ப அவரு வேட்டியவே பாத்துட்டு நின்னாரு. ஊருல கேக்கறாங்க, பேத்திய இன்னும் போயிப் பாக்கலையா தெய்வாத்தான்னு. முட்டிவலி, பஸ்ல ஒக்கார முடியலைன்னு சொல்லி வெச்சிருக்கறேன். எனக்குப் பொய் வராதுன்னு சொன்னேனல்ல, இதுக்கு மட்டும் வருது.

முந்தாநேத்து மவன் போன் பண்ணுனான். "அம்மா, தாரணி உங்களை வரச் சொல்லியிருக்கறா"ன்னான். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. கச்சாயம் சுடட்டுமா, பிள்ளை பெத்தவளுக்கு லேகியம் கிண்டட்டுமா, நம்ம ஊட்டு நெய்யி, கொழந்தைக்கு வசம்பு... நான் அடுக்கீட்டே போறேன், அவன் ஊடால நிறுத்திட்டான். "அம்மா, ஒண்ணுமே கொண்டாரக் கூடாது. வெறுங்கையோட வரோணும். அப்படீன்னா வாங்க, இல்லைன்னா வேண்டாம். இது அவ சொன்னது"ன்னான்.

பச்சப் புள்ளையப் பாக்க வெறுங்கையோட போற வழக்கம் எங்காச்சும் உண்டா? எந்தச் சாதி சனத்துல உண்டு? பஸ் ஏறறப்ப எங்கூர்ப் பழனாத்தா பாத்துட்டா. "ஏக்கா, பேத்தியப் பாக்கவா போறே? கையில பையே இல்ல?"ன்னா. மவன் எல்லாம் அங்கயே வாங்கிக்கலாம்னுட்டான்னு சொல்லிச் சமாளிச்சேன். காதெல்லாம் எரியுது எனக்கு. பாரு, இந்தச் சுருக்குப்பையில பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும்தான் இருக்குது, வேற ஒண்ணுமில்ல. நெய்யக்கூட எடுத்து, மறுபடியும் உறியிலயே வெச்சுட்டு வந்துட்டேன். அவ சொன்னாப்பலயே வந்திருக்கறேன்.

இன்னும் சொல்லியிருக்கறா. கதவு தொறந்திருந்தாலும் தட்டிட்டுத்தான் உள்ள வரோணும். அவ சாப்பிடறப்பப் பக்கத்துல வந்து நிக்கக் கூடாது. பால் இருக்குதான்னு கேக்கக் கூடாது. அடுத்தது எப்பன்னும் கேக்கக் கூடாது. கொழந்தையத் தூக்கறதா இருந்தா, அவளாக் குடுத்தா வாங்கிக்கலாம், நானாப் போயி எடுக்கக் கூடாது, குடுன்னு கேக்கவும் கூடாது. மவன் சொல்லச் சொல்ல நான் சரி சரின்னேன். பஸ் ஏறுனதுலிருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துட்டே வர்றேன், ஒண்ணும் உட்டுப்போயிரக் கூடாதுன்னு. உங்கிட்டப் பேசீட்டு வந்ததுல பாதி மறந்துருச்சோ என்னமோ.

எல்லாம் செஞ்சுருவேன் அம்மிணி. கதவத் தட்டிருவேன். வாயப் பொத்திக்குவேன். ஓரமா ஒக்காந்துக்குவேன். அவ குடுக்கற காப்பியக் குடிச்சுட்டு, எதுவும் சொல்லாம ஒக்காந்துட்டிருப்பேன். ஆனா அந்தக் கடைசி ஒண்ணுதான் எனக்குப் புரிய மாட்டேங்குது. நீயும் படிச்ச புள்ள, அவ வயசுதான் இருக்கும் உனக்கும். அவளாக் குடுக்கோணும்னா நான் என்ன பண்ணோணும்? எந்தப் பக்கம் பாத்துட்டு ஒக்காந்திருக்கோணும்?

நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் அப்பிடிக் காத்துட்டு ஒக்காந்ததே இல்லையே கண்ணு.